கண்டல்முனைப் பட்டியலின் நான்காவது நிரல்

2006 நவம்பர் 20, திங்கட்கிழமை காலை எட்டே முக்கால் மணிக்கு, மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடக்கும் கண்டல்முனைக் கிராமத்தில், கூட்டுறவுக் கடையின் வெளிச்சுவரில் 214 வரிகள் கொண்ட பெயர்ப்பட்டியல் ஒன்று ஒட்டப்பட்டது. தாள்கள் ஏழு. ஒவ்வொரு தாளிலும் மேலிருந்து கீழாக நான்கு நிரல்கள்.

பட்டியலை அடித்தவள் கண்ணகை. முப்பத்தொரு வயது, கலியாணம் ஆகவில்லை. நகரத்தில் வாவியைப் பார்த்தபடி இருந்த ஒரு தொண்டு நிறுவனக் கந்தோரில் தரவுப் பதிவாளராக வேலை. பிறந்தது கண்டல்முனையில்தான். 2004 டிசம்பரில் கடல் ஏறிய காலையில் அவள் வேலை விஷயமாகத் திருகோணமலைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது தாய் இல்லை, அக்கா புஸ்பம் இல்லை, வீடும் இல்லை. புஸ்பத்தின் மகள் லோஜினி மட்டும் ஒரு தென்னையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தப்பியிருந்தாள். அன்றுமுதல் இருவரும் கிராமத்து எல்லையில் இருந்த பலகைக் கொட்டிலில் குடியிருந்தார்கள். லோஜினிக்கு இப்போது பதின்மூன்று வயது.

புஸ்பத்தின் கணவன் நல்லரத்தினமும் தப்பியிருந்தான். அதில் கண்ணகைக்குக் கோபம் இல்லை, தப்பியது குற்றமா? கோபம் முப்பத்தோராம் நாளில் தொடங்கியது. அன்று அகதிகள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் இறந்தவர்களுக்கு அமுது படைத்து, பந்தி போட்டிருந்தார்கள். இனிமேல் லோஜினியின் கதி என்ன, அக்காவின் வீடுவளவு என்ன என்று உறவினர் ஒருவர் பேச்சை எடுத்தார். நல்லரத்தினம் இலையில் சோற்றைப் பிசைந்தபடி சொன்னான்:

"வீடு கடலோட போச்சு. சீதனமும் கடலோட போச்சு. இனி என்னத்தக் கதைக்கிற?"

கண்ணகை பரிமாறிக்கொண்டிருந்தாள். அவனுடைய இலையை மட்டும் தாண்டிப் பக்கத்து இலைக்குக் குழம்பு ஊற்றினாள்.

அந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. தாய் மகளுக்குக் கொடுப்பாள். மகள் தன் மகளுக்குக் கொடுப்பாள். மாப்பிள்ளை ஒரு சூட்கேசோடு வருவான். கண்டல்முனையில் நல்லரத்தினத்தின் வீடு என்று யாரும் சொன்னதில்லை. புஸ்பத்தின் வீடு என்றுதான் தபால்காரரும் சொல்வார். அந்த வீட்டுக்குச் சீதன உறுதிப் பத்திரம் இருந்தது. இரும்பு அலுமாரியோடு அதையும் கடல் கொண்டுபோய்விட்டது. காணிக் கந்தோருக்குப் பிரதி எடுக்கப் போனபோது, மகள் சிறுபிள்ளை, தகப்பனின் கையொப்பம் வேண்டும் என்றார்கள். கண்ணகை நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

ஒன்பது மாதத்தில் நல்லரத்தினம் களுவாஞ்சிகுடிப் பக்கம் இரண்டாம் கலியாணம் செய்தான். 2006 ஓகஸ்டில் கண்டல்முனையில் 214 நிரந்தர வீடுகள் கட்டிக் கொடுப்பதாக முடிவாகிப் படிவங்கள் வந்தன. படிவத்தைத் தயாரித்தவர்கள் கொழும்பில் இருந்தார்கள். 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. வீடு யாருடையதாக இருந்தது என்று கேட்கும் கட்டம் இல்லை. நல்லரத்தினம் தலைவர் கட்டத்தில் தன் பெயரையும் அதன் கீழே புது மனைவியின் பெயரையும் எழுதிக் கொடுத்தான். லோஜினி அந்தப் படிவத்தில் இல்லை. அது 88 ஆம் படிவம். அதைத் தட்டச்சு செய்தவளும் கண்ணகைதான். ஒரு எழுத்துப் பிழையும் விடாமல் தட்டினாள்.

ஒக்டோபரில் வாகரை, கதிரவெளிப் பக்கமிருந்து சனங்கள் சண்டைக்குத் தப்பிக் காட்டாலும் கடலாலும் இடம்பெயர்ந்து வரத் தொடங்கினார்கள். கந்தோரின் நல்ல கணினிகள் எல்லாம் அந்த வேலைக்குப் போயின. கண்ணகைக்கு மூலையில் கிடந்த பழைய கணினி ஒன்றைக் கொடுத்துக் கண்டல்முனைப் பட்டியலை முடிக்கச் சொன்னார்கள். அதற்குள் 2005 சனவரியில் அகதிப் பள்ளிக்கூடத்தில் தொண்டர்கள் பதிந்த கோப்புகள் அப்படியே இருந்தன. ஏறக்குறைய இரண்டு வருடமாக யாரும் திறந்திருக்கவில்லை. திறந்திருந்தாலும் வாசித்திருக்க முடியாது. ஒவ்வொரு தொண்டரும் தனக்குத் தோன்றியபடி இடைவெளிக் கட்டையைத் தட்டியிருந்தார். ஒரு வரியில் இரண்டு இடைவெளி, அடுத்ததில் ஒன்பது. ஒருவருடைய பெயருக்குக் கீழே இன்னொருவருடைய ஓலைக் குடிசை கிடந்தது.

நடுவில் ஒரு வரியில் கண்ணகையின் கண் நின்றது.

க. நல்லரத்தினம், கல்வீடு, மூன்று அறை, முழுச்சேதம், பெண்சாதிட சீதனம்.

தொண்டர் கேட்டிருக்கிறார், வீடு ஆருடைய என்று. இவன் பெயரைச் சொல்வதுபோல யோசிக்காமல் சொல்லியிருக்கிறான். திகதி சனவரி 9. முப்பத்தோராம் நாளுக்குப் பதினாறு நாள் முன்பு. அப்போது வீடு திரும்பக் கிடைக்கும் என்று யார் நினைத்தார்கள்? அரிசி கிடைக்குமா என்றுதான் பார்த்தார்கள். கண்ணகை மற்ற வரிகளையும் பார்த்தாள். ஏறக்குறைய எல்லா ஆண்களும் அதையே சொல்லியிருந்தார்கள். பெண்சாதிட, பெண்சாதிட, அவட தாய் குடுத்தது, பெண்சாதிட.

பட்டியல் ஒட்டுவதைப் பற்றிய சுற்றுநிருபத்தை அவள் மேசை இலாச்சியிலிருந்து எடுத்துப் படித்தாள். மூன்றாம் பந்தியில் இருந்தது: 'கிடைக்கக்கூடிய முன்னைய பதிவுகளின் விபரத்துடன்' காட்சிப்படுத்த வேண்டும்; பதினான்கு நாட்களுக்குள் ஆட்சேபனை தெரிவிக்கலாம். முன்னைய பதிவு வாசிக்கக்கூடிய நிலையில் இல்லாதபடியால் எந்தக் கிராமத்திலும் யாரும் அதைப் போட்டதில்லை.

அன்று பின்னேரம் அவள் வேலையைத் தொடங்கினாள்.

கணக்குத்தாள் மென்பொருளில் போட்டுப் பார்த்தாள். ஒரு வரி முழுவதும் ஒரே கட்டத்துக்குள் போய் விழுந்தது. அந்தக் கணினியில் பைதன் மொழி இருந்தது. கந்தோரின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் காத்தான்குடி மர்சூக் அதைப் போட்டுவிட்டு, விருப்பமிருந்தால் படியுங்கள் என்று ஒரு கைந்நூலும் கொடுத்திருந்தான். ஊரடங்கு நாட்களில் கொட்டிலுக்குள் இருந்து அவள் அதைப் படித்திருந்தாள். இரண்டோ அதற்கு மேலோ இடைவெளி எங்கே வருகிறதோ அங்கே வரியை வெட்டு. அகதி அட்டை இலக்கத்தை வைத்துப் பழைய வரியைப் புதிய படிவத்தோடு பொருத்து. பெயருக்கு முப்பது எழுத்து இடம் விடு, அட்டை இலக்கத்துக்குப் பத்து. நாற்பது வரிக்குள் எழுதிவிட்டாள். வெட்டுவதும் பொருத்துவதும் சரியாக நடந்தன. அச்சடித்தபோது நிரல்கள் பாம்புபோல நெளிந்தன. 88 ஆம் வரியின் சீதனம் 89 ஆம் ஆளுக்குரியதுபோலத் தெரிந்தது.

மர்சூக் தாளைத் தூக்கிப் பார்த்தான்.

"என்னக்கா இது, எங்கட வாப்பாட தறியில நூல் அறுந்த மாதிரிக் கிடக்கு?"

"எழுத்த எண்ணித்தான் இடம் விட்டிருக்கன், மர்சூக். முப்பது எண்டா முப்பது. எண்டாலும் கோணுது."

"எண்ணினாக் கோணத்தான் செய்யும். புடவைக் கடைக்காரன் புடவைய எண்ணியா வெட்டுறான்? அளந்துதானே வெட்டுறான். ணானாவுக்கு ஒரு அகலம், ரானாவுக்கு ஒரு அகலம். புள்ளிக்கு ஒண்டுமே இல்ல, எழுத்துக்கு மேல ஏறிக் குந்திக்கும். ஒவ்வொண்டுட அகலமும் எழுத்துருக் கோப்புக்குள்ள கிடக்கு. அத எடுத்துப் புரோகிராமுக்குக் குடுங்க. பேர்ட அகலத்தக் கூட்டி, மிச்சத்துக்கு இடைவெளி போடச் சொல்லுங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். மறுகா எனக்கு ஒரு பிளேன்டீ. நாலு மணிக்கு முந்தி நான் றோட்டுல ஏறோணும்."

எழுத்துகளின் அகலத்தை அட்டவணையாக்க இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் அச்சு இயந்திரத்திலிருந்து வந்த தாளைக் கண்ணகை மேசையில் விரித்தாள். நான்கு நிரல்களும் வேலிக் கம்பிபோல நேராக இறங்கின. முதலாவது தொடரிலக்கம். இரண்டாவது 2006 இல் வீடு கேட்டவரின் பெயர். மூன்றாவது அட்டை இலக்கம். நான்காவது, 2005 இல் அவரே சொன்னது.

மர்சூக் நான்காவது நிரலை மேலிருந்து கீழே வாசித்தான். வாசிக்க வாசிக்கக் குரல் தணிந்தது.

"தெரிஞ்சுதான் போடுறீங்களா?"

"தெரிஞ்சுதான்."

"பெண்சாதி மவுத்தான ஆக்கள் எத்தின பேர் இதுல?"

"இருவத்தேழு."

"ஒராளுக்கு வச்ச கண்ணி இருவத்தேழு பேருக்குச் சரியா இருக்கே அக்கா."

கண்ணகை தாளில் விரலை மேலே நகர்த்தினாள். இருபத்தேழு பேரில் ஒருவன் 41 ஆம் வரியில் இருந்தான். வினாயகமூர்த்தி, அவளுடைய ஒரே அண்ணன். அவன் மனைவியையும் கடல் கொண்டுபோயிருந்தது, பிள்ளைகள் இல்லை. அந்த வீடு முறைப்படி மனைவியின் தங்கை சீதேவிப்பிள்ளைக்குப் போக வேண்டியது. அண்ணன் அதைத் தன் பெயரில் கேட்டிருந்தான். 2005 இல் அவன் சொன்னதும் அதே இரண்டு சொல்தான்.

கண்டல் பற்றைக்குள்ளிருந்து புஸ்பத்தைத் தூக்கி வந்து புதைத்தவன் அண்ணன். கொட்டிலுக்குப் பலகை அடித்துக் கொடுத்தவனும் அவன்தான். கண்ணகை அந்த வரியை விடச்சொல்லிப் புரோகிராமில் ஒரு குறி போட்டாள். கணினி மறுபேச்சில்லாமல் இடைவெளியை மூடி, 42 ஐ 41 ஆக்கி, கடைசி வரியை 213 என்று அடித்தது. வீடு 214. அந்த ஒன்று எங்கே என்று நல்லரத்தினம்தான் முதலில் கேட்பான். ஒரு பெயரை மறைத்த பட்டியலில் மற்றப் பெயர்களை யார் நம்புவார்கள்? மதியம்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குறியை அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். 214.

திட்ட அலுவலர் அழகரத்தினம் மாவட்ட அரசாங்கக் கச்சேரியில் முப்பது வருடம் இருந்து ஓய்வுபெற்றவர். எந்தத் தாளையும் முதலில் கோடு போடும் அடிமட்டம் வைத்துத்தான் பார்ப்பார். கண்ணகையின் ஏழு தாள்களிலும் நிரலுக்கு நிரல் அடிமட்டத்தை வைத்தார். ஒரு எழுத்தும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை.

"புள்ள, இந்தக் கந்தோர்ல இப்படி ஒரு வேலைய நான் காணல்ல" என்றார். தாளுக்குத் தாள் கையொப்பம் வைத்தார். நான்காவது நிரலில் என்ன இருக்கிறது என்று அவர் வாசித்ததாகத் தெரியவில்லை.

திங்கட்கிழமை பட்டியல் ஒட்டப்பட்டபோது முதலில் யாரும் கிட்டப் போகவில்லை. பெயர் எழுதி ஒட்டுவது, ஆயுதக் குழுக்கள் அப்படித்தான் ஆட்களை மிரட்டிய அந்த நாட்களில், நல்ல சகுனமல்ல. பாண் வாங்க வந்த பெண்கள்தான் முதலில் நின்றார்கள். வரிகள் நேராக இருந்தபடியால், எழுத்துக்கூட்டி வாசிப்பவர்களும் ஒரு விரலை இடப்பக்கம் வைத்து வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போக முடிந்தது.

"இஞ்ச பாருங்க கா, வேலாப்போடி. 'பெண்சாதிட சீதனம்' எண்டு கிடக்கு."

"ஆர் சொன்னதாம்?"

"அவர்தான். அவர்ர வாயாலதான்."

"மறுகா இப்ப ஆர்ர?"

"இப்ப அவர்ரயாம். கடல் வந்து எழுதிக் குடுத்ததாக்கும்."

சிரிப்பு எழுந்தது. சிரிப்பு அடங்கியதும் ஒரு பெண் விரலை 88 இல் வைத்தாள். நல்லரத்தினத்தின் பெயரை உரக்க வாசித்து, விரலை இழுத்து, நான்காவது நிரலையும் உரக்க வாசித்தாள். கண்ணகை எதிரே பஸ் தரிப்பில் குடையோடு நின்று அதைக் கேட்டுவிட்டுத்தான் நகரத்துக்கு பஸ் ஏறினாள்.

செவ்வாய் காலை சுவரில் பட்டியல் இல்லை. பசையின் தடம்தான் இருந்தது. முன்பென்றால் ஒரு பட்டியலைத் திரும்ப அடிக்க மூன்று நாள் வேண்டும். கண்ணகை ஒரு கட்டளை கொடுத்தாள்; நான்கு நிமிடத்தில் ஏழு தாள்கள் வந்தன. பத்து மணிக்கு ஒட்டினார்கள். புதன் காலை அதுவும் இல்லை. மீண்டும் அடித்தாள். இந்த முறை அறுபது பிரதிகள் அடித்து, மை மங்கிப் பழுதான தாள் என்று கட்டி, கூட்டுறவுக் கடைக்குக் கொடுத்தனுப்பினாள். கடைக்காரர் சீனியும் பருப்பும் அதில் சுற்றிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமைக்குள் பட்டியல் எல்லாக் குசினிக்குள்ளும் போய்விட்டது.

வெள்ளி பின்னேரம் நல்லரத்தினம் கந்தோருக்கு வந்தான். இலக்கத் தகடு இல்லாத மோட்டார் சைக்கிள் ஒன்றில் இரண்டு பேர் அவனை இறக்கிவிட்டு வெளியே காத்திருந்தார்கள். அவன் அவள் மேசைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான்.

"சுகமா மச்சாள்?"

"சுகம் மச்சான். லோஜினியும் சுகம். நீங்க கேக்க மறந்திட்டீங்க."

"பேர் ஒட்டுற காலமா இது? நாளைக்கு ஒருத்தனுக்கு ஒண்டு நடந்தா, இந்தப் பட்டியலாலதான் எண்டு ஆகும். உங்கட தலையிலதான் விழும்."

"நான் ஒண்டும் எழுதல்ல மச்சான். நீங்க சொன்னத நேராக்கினன்."

"நான் ஆருக்கிட்டச் சொன்னன்?"

"தொண்டர்கிட்ட. சனவரி ஒம்பது, பள்ளிக்கூடத்தில."

"பெண்சாதி செத்து ரெண்டு கிழமை. அப்ப எனக்கு நிதானம் இருந்திச்சா?"

"இல்லத்தான். அதாலதான் உள்ளது வந்திருக்கு."

நல்லரத்தினம் வெளியே மோட்டார் சைக்கிளைப் பார்த்தான். "நான் தனிய வரல்ல" என்றான்.

"கண்டன். வந்தவங்கட பேரையும் அட்டை இலக்கத்தையும் சொல்லிட்டுப் போங்க. அதுக்கும் ஒரு நிரல் போட இடம் இருக்கு."

அவன் எழுந்தான். கண்ணகை இருந்தபடியே, ஒரு வருடமும் பத்து மாதமும் வாய்க்குள் வைத்திருந்ததைச் சொன்னாள்.

"சீதனம் கடலோட போகல்ல மச்சான். இஞ்சதான் கிடந்திச்சு."

மோட்டார் சைக்கிளின் சத்தம் பாலத்தைத் தாண்டும்வரை அவள் அசையவில்லை. பிறகு அரை மணி நேரம் அவளால் விசைப்பலகையில் கை வைக்க முடியவில்லை. மர்சூக் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். கதவடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அழகரத்தினம் மேசைக்கு வந்தார்.

"அந்த நாலாவது நிரல ஏன் போட்ட, புள்ள?"

அவள் சுற்றுநிருபத்தை எடுத்து மூன்றாம் பந்தியில் விரலை வைத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். பிறகு தன் அடிமட்டத்தை எடுத்து அந்தப் பந்திக்குக் கீழே சிவப்பில் ஒரு கோடு இழுத்துக் கோப்பில் போட்டார்.

"நாளைக்கும் கிழிச்சாங்களெண்டா நாளைக்கும் ஒட்டு" என்றார்.

இன்னும் மூன்று முறை கிழிக்கப்பட்டது. மூன்று முறையும் ஒட்டப்பட்டது.

ஞாயிறு காலை அண்ணன் கொட்டிலுக்கு வந்தான். உள்ளே வரவில்லை. தான் அடித்த பலகையில் கையை ஊன்றி வாசலில் நின்றான். மற்றக் கையில் பருப்புச் சுற்றிய தாள், நான்காய் மடித்தபடி.

"என்ட வரியையும் போட்டிருக்காய்."

"ஓம் அண்ணன்."

"விட்டிருக்கலாமே."

"விட்டுப் பாத்தன். இருநூத்திப் பதின்மூணு வந்திச்சு."

"இலக்கம்தானா பெரிசு?"

"உங்கட வரி இல்லாட்டி அவன்ட வரி நிக்காது அண்ணன். தன்ட ஆள ஒளிச்சுப் போட்டாள் எண்டு சொல்லி முழுப் பட்டியலையும் தள்ளிப்போடுவான்."

வினாயகமூர்த்தி தாளை இன்னொரு மடிப்பு மடித்தான். உள்ளே லோஜினி தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"புஸ்பத்த நான்தான் தூக்கினன்" என்றான்.

"தெரியும்."

"அவனப் பழிவாங்க என்னையும் சேத்து வெட்டிப்போட்டாய்."

கண்ணகை அதை மறுக்கவில்லை. இருங்கள், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள் என்றாள். அவன் தாளை வாசற்படியில் வைத்துவிட்டு, வாவிக்கரைப் பக்கமாக நடந்து போனான்.

ஆட்சேபனைக்கான பதினான்கு நாட்கள் டிசம்பர் 4 ஆம் திகதி முடிந்தன. இருபத்தேழு ஆட்சேபனைகள் வந்திருந்தன. 88 ஆம் இலக்கத்துக்குக் கண்ணகை லோஜினிக்காக எழுதினாள். 41 ஆம் இலக்கத்துக்குச் சீதேவிப்பிள்ளை எழுதினாள். சனவரியில் பள்ளிக்கூடத்தின் மூன்றாம் வகுப்பு அறையில் விசாரணை நடந்தது. நல்லரத்தினத்திடம் ஒரு கேள்விதான் கேட்டார்கள்: இது நீர் சொன்னதா? அறை நிறையப் பெண்கள் இருந்தார்கள். ஒருத்தியின் மடியில் பருப்புக் கறை படிந்த தாள் விரித்தபடி கிடந்தது. அவன் ஓம் என்றான். வினாயகமூர்த்தியிடம் கேட்பதற்கு முன்பே அவன் ஓம் என்றான்.

இருபத்திரண்டு வீடுகள் பெயர் மாற்றப்பட்டன. ஐந்து ஆட்சேபனைகள் ஆதாரமில்லை என்று தள்ளப்பட்டன. நல்லரத்தினம் களுவாஞ்சிகுடியில் மனைவியின் வீட்டிலேயே தங்கினான். வினாயகமூர்த்தி பெப்ரவரியில் கட்டாருக்கு வேலைக்குப் போனான். போகும்போது கொட்டில் பக்கம் வரவில்லை.

2007 ஏப்ரல் 23, திங்கட்கிழமை, கண்டல்முனையில் வீடுகள் கையளிக்கப்பட்டன. 41 ஆம் வீட்டின் கதவுத் திறப்பைச் சீதேவிப்பிள்ளை பெற்றாள். 88 ஆம் வீட்டின் திறப்பை லோஜினிக்காகக் கண்ணகை ஒப்பமிட்டுப் பெற்றாள். அன்று வாசிக்கப்பட்ட பட்டியலில் 214 வரிகளும் மூன்று நிரல்களும் இருந்தன.